தர்ப்பைப் புல்லில் செய்த அத்தான்

அன்றைக்கு வெள்ளாற்று மணலில் இருந்தவர்கள்: ஐயர், அக்கா, அக்கா மகள், அத்தானின் தம்பி, நான். ஐந்து பேர். தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி கட்டிப் படுக்க வைத்திருந்த அத்தானையும் சேர்த்தால் ஆறு. சேர்க்கலாமா கூடாதா என்பது அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. தலைக்கு ஒரு தேங்காய் வைத்திருந்தார் ஐயர். அக்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவருக்கு நெத்தி இவ்வளவு அகலம் கெடையாதுங்க சாமி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அத்தான் வளைகுடாவுக்குப் போனது லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் வாங்கிக் கொடுத்த விசாவில். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும். ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. சோப்பு வாங்கி வருகிறேன் என்று கேம்ப் அறையிலிருந்து இறங்கிப் போனவர் திரும்பவில்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். பெட்டி அங்கேயே இருந்தது, கொடியில் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. தூதரகத்துக்கு எழுதினோம், கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். ஆஸ்பத்திரியிலும் இல்லை, ஜெயிலிலும் இல்லை, பிணவறையிலும் இல்லை என்று பதில் வந்தது. அப்போது அக்கா மகள் எறையூர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். எதற்கும் உடனே பயந்துவிடுகிற ஆள். பஸ் வந்து நின்றால் டயரை விட்டுவிட்டு இறங்குகிற முகங்களைப் பார்ப்பேன். வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும், வராவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் எனக்கு ஒரே அளவில்தான் இருந்தன. அக்காவுக்குப் பயம் இல்லை. அவளுக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவருக்குத் தான் இப்போது மனைவியா, விதவையா என்று யாராவது சொல்ல வேண்டும். அதைத்தான் அவள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டு அலைந்தாள்.

முதலில் கேட்டது லப்பைக்குடிக்காட்டில், அந்த பாய் வீட்டுக்கு வந்திருந்த ஹஜ்ரத்தை. பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிறவர், வயசானவர். அக்கா வாசலிலேயே நின்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "அவரு எங்க இருக்காருன்னு அல்லாஹ் ஒருத்தனுக்குத்தாம்மா தெரியும். ஆனா ஒரு பொண்ணை ஆயுசுக்கும் தொங்கல்ல விட்டுடக் கூடாது. நாலு வருஷம் பாக்கணும்னு கிதாபுல ஒரு சொல்லு இருக்கு. பெரியவங்க விசாரிச்சு முடிவு சொல்லணும், அப்புறம் நாலு மாசம் பத்து நாள் இத்தான்னு ஒதுங்கி இருக்கணும், அதுக்கு மேல அவ இஷ்டம். இது எங்க ஆளுங்களுக்கும்மா. ஒங்களுக்கு ஒங்க பெரியவங்களைக் கேளுங்க." அப்போது அத்தான் போய் நாலு வருஷம் முடிந்திருந்தது. அந்த வாசலில் நின்ற வரைக்கும் அக்கா கிட்டத்தட்ட விடுபட்டவள். பஸ் ஏறி ஊருக்கு வந்து இறங்கியதும் மறுபடி சுமங்கலி. நான் இதைச் சொன்னபோது, "டிக்கெட் பன்னண்டு ரூபாடா, அவ்வளவுதான் தூரம்" என்றாள்.

பிறகு அரியலூரில் கன்னியர் நடத்துகிற விடுதி ஒன்றில் சமையல் வேலைக்குப் போனாள். அங்கே ஒரு சிஸ்டர் தினமும் அத்தான் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினார்கள். உயிரோடு இருப்பவருக்கா, செத்தவருக்கா என்று அக்கா கேட்டிருக்கிறாள். "இருந்தா பத்திரமா இருக்கட்டும், இல்லாட்டி இளைப்பாறட்டும். ரெண்டையும் சேத்துத்தான் கேக்கறேன். எது வேணுமோ அதை ஆண்டவர் எடுத்துக்குவார்" என்றார்களாம். அந்தப் பதில் அக்காவுக்குப் பிடித்திருந்தது. அந்த ஒரு இடத்தில் யாரும் அவளிடம் முடிவு கேட்கவில்லை. ஆனால் சாயங்காலம் பூக்காரி வந்தால் வாங்கி வைத்துக்கொள்வதா, வேண்டாம் என்பதா என்பதற்கு அதில் விடை இல்லை.

என் கடைக்கு ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வருவார். கறுப்புச் சட்டைக்காரர், சாமி இல்லை என்பவர். அக்கா கடையில் இருந்த ஒருநாள் அவரிடமும் கேட்டுவிட்டாள். அவருக்குக் கோபம் என் மேல்தான் வந்தது. "ஏம்பா, அந்தாளு இருக்கானா இல்லையாங்கிறது ஒரு தகவல். தகவல் கெடைக்கலைன்னா கெடைக்கலைன்னு விட்டுட்டுப் போ. அதை எதுக்குடா ஒரு பொம்பள நெத்தியில எழுதறீங்க?"

அக்கா யோசித்துவிட்டு, "சார் சொல்றதுதாங்க நாயம்" என்றாள். "ஆனா நாளைக்குப் புள்ள கல்யாணப் பத்திரிகையில அத எப்பிடி அச்சடிக்கிறது?"

சார் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். காற்றுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

கடைசியில் எல்லாம் அவள் சொன்ன இடத்தில்தான் வந்து நின்றது. ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் குடும்பம் பெண் கேட்டு வந்தது. நல்லவர்கள். மற்ற எதையும் கேட்கவில்லை, இதை மட்டும் கேட்டார்கள். "பத்திரிகையில பொண்ணோட அப்பா பேருக்கு முன்னால திருன்னு போடறதா, அமரர்னு போடறதா? ஒண்ணச் சொல்லிடுங்க. சொந்தக்காரங்க கேப்பாங்கல்ல." அதற்குள் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் விசாரித்த வக்கீல், சட்டப்படி அவர் கணக்கு ஏழு வருஷத்திலேயே முடிந்துவிட்டது என்றார். எங்கள் ஐயர், பன்னிரண்டு முடிந்தால் புல்லில் உருவம் செய்து கொள்ளி வைத்துவிடலாம் என்றார். மகளுக்காக அக்கா சரி என்று சொல்லிவிட்டாள்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. குடத்தில் கொண்டு போயிருந்தோம். பெண்கள் வரக்கூடாது என்றதற்கு, "நான் பாக்காம அவரை யாரும் எரிக்க வேணாம்" என்று மகளையும் கூட்டிக்கொண்டு அக்கா வந்தாள். எனக்கு அப்போதும் அந்தப் பயம் போகவில்லை. "சாமி, எல்லாம் முடிஞ்ச பின்னாடி ஆளு வந்துட்டா?" என்று கேட்டேன்.

"அதுக்கும் வழி இருக்கு. புதுசாப் பொறந்ததா வெச்சு, பேர் வைக்கறதுலேர்ந்து எல்லாம் செய்யணும். பொண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்டணும்" என்றார் ஐயர்.

"ஒருவாட்டி கட்டுனதுக்கே இந்தப் பாடு" என்றாள் அக்கா.

அத்தானின் தம்பி கொள்ளி வைத்தார். புல் சட்டென்று பிடித்து சட்டென்று அடங்கிவிட்டது. ஒரு மனுஷன் எரிய எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்த வேகம் என்னவோ போல இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். யாருக்கும் வரவில்லை. அக்கா தானே தாலியைக் கழற்றி இடுப்பிலிருந்த சுருக்குப் பையில் போட்டாள். அதே பையிலிருந்து பணத்தை எடுத்தாள். மூவாயிரம் பேசியிருந்தது. பாதியை எண்ணி ஐயரிடம் கொடுத்தாள்.

"மீதி?" என்றார் அவர்.

"அவரு வரமாட்டாருன்னு நல்லாத் தெரிஞ்ச அன்னைக்கு வாங்கிக்குங்க சாமி."

"தட்சணை கொறைஞ்சா காரியம் பூர்த்தி ஆகாதேம்மா."

"தெரியுங்க சாமி."

ஐயர் அவளையும் சாம்பலையும் பார்த்தார். பிறகு நோட்டுகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "சரி, பாக்கியாவே இருக்கட்டும்" என்றார்.

பத்திரிகையில் அமரர் என்று அச்சடித்தோம். கல்யாணத்தன்று அக்கா நெற்றி வெறுமையாக, பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றாள். தாலி கட்டுகிற நேரத்தில் மட்டும் தூணோரம் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் அவள் போனை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள்.

போன மாசியில், கரும்புக் கொல்லையில் நெஞ்சு வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டுவதற்கு முன் பெண்கள் வெளியே வந்து கேட்டார்கள். சிவப்புச் சேலையா, வெள்ளையா? மஞ்சள் பூசுவதா, வேண்டாமா? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஹஜ்ரத், சிஸ்டர், சார், வக்கீல் எல்லோரும் சொன்னது வரிசையாக நினைவுக்கு வந்தது, ஒன்றையும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அக்கா மகள்தான் நேரே ஐயரிடம் போனாள்.

"சாமி, அன்னைக்கு எங்க அப்பாவுக்குச் செஞ்சது முழுசா முடிஞ்சுதுங்களா?"

ஐயருக்கு வயசாகிவிட்டது. கண்ணை இடுக்கி அவள் முகத்தைப் பார்த்தார். "இல்லம்மா. தட்சணை பாக்கி இருக்கு" என்றார்.

அவள் உள்ளே போனாள். சுருக்குப் பையில் தாலி இருந்தது. சிவப்புச் சேலை கட்டி, மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துத்தான் அக்காவை எடுத்துக்கொண்டு போனோம்.

அத்தானைக் கிடத்திய அதே மணலில்தான் அவளையும் வைத்தோம். அவள் எரிய விடிகிற வரைக்கும் ஆனது. இப்போதும் பஸ் வந்து நின்றால் இறங்குகிறவர்களைப் பார்க்கிறேன். ஐயர் அந்தப் பக்கம் வந்தால் டீ வாங்கிக் கொடுக்கிறேன். அவர் கேட்பதில்லை, நானும் கொடுப்பதில்லை. அவருக்குத் தரவேண்டியது அப்படியே இருக்கிறது, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.