அக்கா கட்டிய வெட்டுக்காயப் பூண்டு

எங்கள் அக்கா கல்வராயன் மலையடியில் வடக்கனந்தலில் பிறந்து, நைனார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, சென்ற ஆண்டு எங்களை விட்டுப் பிரிந்தார். அவருடைய பொறுமையைப் பற்றி இந்த நினைவு நாளில் உறவினர்கள் எல்லோரும் பேசிவிட்டீர்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அந்தப் பொறுமை எங்கே தொடங்கியது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எந்தப் பூவைப் பார்த்தாலும் அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்பது அக்காவின் வழக்கம். வரப்போரம் நீளக் காம்பில், மஞ்சள் நடுவும் வெளிறிய இதழுமாகக் குட்டிச் சாமந்தி போல நிற்குமே, அதை நாங்கள் மூக்குத்திப் பூ என்போம். பெண் பிள்ளைகள் மூக்கில் ஒட்டிக்கொள்வார்கள். சந்தைக்குக் கடுக்காய் கொண்டுவந்த மலைக்கார அம்மா ஒருவர் அதையே வெட்டுக்காயப் பூண்டு என்றார்.

"ஏம்மா அப்பிடி ஒரு பேரு?" அக்கா விடவில்லை.

"கத்தி பட்டா இதத்தான் கசக்கி வெப்போம் கண்ணு. ரத்தம் நின்னுபூடும்."

இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்த வருடம் அது. நர்ஸ் பயிற்சிக்குக் கள்ளக்குறிச்சியில் அக்காவுக்கு நேர்காணல். பஸ் இல்லை என்றதும் விடிகாலையிலேயே நடந்து கிளம்பினார். வழியில் சாலையை மறிக்கப் புளியமரத்தை வெட்டிச் சாய்த்த கூட்டத்தில், வீட்டுக்குத் தெரியாமல் நானும் இருந்தேன். கோடாரி வழுக்கி என் கெண்டைக்காலில் இறங்கியது. போலீஸ் வருகிறது என்று எல்லோரும் ஓடிவிட்டார்கள். அந்த வழியாக வந்த அக்காதான் என்னைக் கண்டுபிடித்தார்.

"ஆஸ்பத்திரி வாணாம்க்கா, புடிச்சிக்கினு பூடுவாங்க" என்று அழுதேன்.

அக்கா வரப்பில் அந்தப் பூண்டைத் தேடிப் பறித்து, கசக்கிப் பிழிந்து, நேர்காணலுக்காகக் கட்டியிருந்த புதுச் சேலையைக் கிழித்துக் கட்டினார். என்னைத் தாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். "பஸ்சு ஓடலப்பா. இவன் வெறகு வெட்றப்ப கால வெட்டிக்கினான்" என்று அப்பாவிடம் சொன்னார். உண்மையை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாய்ப்பு மறுபடி வரவில்லை. படிப்புக்கும் வேலைக்கும்தான் மறியல் செய்தோம். எங்கள் வீட்டில் போனதும் அதுதான். அக்கா காலமெல்லாம் களை எடுத்தார்.

கடைசி இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப்போட வந்த நர்ஸ் பெண்ணின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அந்தப் பெண் எதிரிலேயே என் வேட்டியைத் தூக்கச் சொல்லி, தழும்பைத் தடவினார்.

"பாரும்மா, நான் கட்டுனது. நல்லாத்தான கட்டிகிறேன்?"

"என்னவிட நல்லா கட்டிகிறீங்கம்மா" என்றார் அந்தப் பெண்.

அந்த நர்ஸ் மகளுக்கும், முறை வைத்து உடனிருந்த பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் கடைசிவரை எனக்கு வாய் வரவில்லை.