ஐஸ் தண்ணீரில் முக்கியெடுத்த கோழி

அம்மா இறந்து சில வருடங்கள் கழித்து, எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அப்பா மறுமணம் செய்துகொண்டார். சித்தி தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவில் நாங்கள் இருந்த கிள்ளானுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமுவேன். அவர் வைக்கும் குழம்பைத் தொடவும் மாட்டேன். கடையில் விற்கும் மொறுமொறு கோழிதான் வேண்டும் என்று அப்பாவிடம் அடம்பிடிப்பேன்.

ஒரு சனிக்கிழமை சித்தியே கோழி வாங்கிவந்து மசாலா தடவி ஊறவைத்தார். "கடையில எப்படிச் செய்யிறாங்க, உனக்குத் தெரியுமா கண்ணு?" என்று கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? ஆனால் கோழி கெட்டுப்போனால் அப்பா கடைக்குக் கூட்டிப்போவார் என்று மட்டும் தெரிந்திருந்தது.

"மாவுல பெரட்டிட்டு ஐஸ் தண்ணியில முக்கணும். அப்புறம் அப்படியே எண்ணெயில போடணும் லா. ரொம்ப கிரிஸ்பியா வரும்," என்றேன்.

சித்தி என்னைச் சற்று நேரம் பார்த்தார். "சரி, நீ கதவுகிட்ட போய் நில்லு," என்றார். துண்டுகளையெல்லாம் மாவில் புரட்டி ஐஸ் தண்ணீரில் முக்கிவைத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒன்றை எண்ணெயில் விட்டார்.

சட்டி படபடவென்று வெடித்தது. எண்ணெய் அவர் மணிக்கட்டில் தெறித்தது. அவர் அடுப்பை அணைத்துவிட்டுக் குழாயடியில் கையை நீட்டினார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"ஒண்ணுமில்ல, சின்னக் கொப்புளந்தான்," என்றவர், கொஞ்ச நேரம் கழித்து மிச்சத் துண்டுகளைப் பார்த்தார். அவற்றை மறுபடி காய்ந்த மாவில் நன்றாகப் புரட்டிப் பொரித்தார். இந்தத் தடவை வெடிக்கவில்லை. மேல்மாவு செதில் செதிலாக எழும்பிப் பொன்னிறமானது. நான் சொன்ன பொய்யில் பாதி உண்மையாகிவிட்டது!

வேலை முடிந்து வந்த அப்பா ஒரு கடி கடித்தார். "அடேயப்பா, கடைக்காரன் தோத்தான் லா! யாரு சொல்லிக் குடுத்தது?"

"உங்க பொண்ணுதான்."

"கையில என்ன?"

நான் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"அவசரத்துல நான்தான் ஈரத்தோட போட்டுட்டேன்," என்றார் சித்தி.

நான் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று துண்டு தின்றேன். என் பொய்யை அவர் கண்டுபிடிக்கவே இல்லை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஊரில் நான்கு தம்பி தங்கைகளுக்குச் சமைத்துப்போட்டு வளர்த்தவர் சித்தி. ஈரக் கறி காய்ந்த எண்ணெயில் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் போட்டிருக்கிறார். அந்த இரண்டு மாதத்தில் நான் அவரிடம் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.