துடைக்காதே என்று நான் சொன்ன கண்ணாடி

சங்கரன்கோவில் பக்கம் ஊர் சுற்றப் போகிறவர்கள் வழி கேட்டு எழுதுகிறீர்கள். எனக்கு அந்த வழி என்றாலே மனம் கனத்துவிடும். எண்பதுகளின் நடுவில், ஒரு ஆடி மாதம், வேலையாகப் போனேன். கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டிய ஒரு கிராமத்தின் சுகாதார நிலையத்தில், தடுப்பு மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்குச் சூரியத் தகடு மாட்டியவன் நான்தான். "கண்ணாடிக்குச் சீக்கு" என்று அந்த நிலையத்தின் காவலாளி மாடசாமி எழுதிய கடிதத்தை ஆபீசில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிச் சிரித்தேன். பத்து நாள் கழித்துத்தான் கிளம்பினேன்.

திருநெல்வேலியில் காலை 6.10 பஸ். 56 கிலோமீட்டர், ஐந்தே முக்கால் ரூபாய். சங்கரன்கோவிலில் இறங்கி ராஜபாளையம் பஸ்ஸில் பதினோரு கிலோமீட்டர், பிறகு நடை. ஆடிக் காற்று கண்ணைத் திறக்கவிடவில்லை.

மொட்டை மாடியில் தகடு முழுக்க மண் பூச்சு. சங்கரன்கோவில் புற்றுமண்! உடம்புக்கு எது வந்தாலும் கரைத்துப் பூசுவார்களே, அதேதான்.

"என்னய்யா இது?" என்று கத்தினேன்.

"நீங்கதான சார் துடைக்கக் கூடாதுன்னு சொன்னிய? நான் துடைக்கவே இல்ல. மீட்டர் ஊசி தெனமும் எறங்கிட்டே வந்துச்சு. அதான் மருந்து போட்டேன்" என்றார் மாடசாமி.

தூசியோடு தேய்த்தால் கண்ணாடி கீறிவிடும் என்றுதான் அப்படிச் சொல்லியிருந்தேன். காரணத்தைச் சொல்லவில்லை. வெயிலின் சூட்டில் மின்சாரம் வருவதில்லை, வெளிச்சத்தில்தான் வருகிறது. தகட்டின் சிலிக்கான் வில்லைகளில் வெளிச்சம் பட்டால் உள்ளே எலக்ட்ரான்கள் நகர்கின்றன, அந்த ஓட்டமே மின்சாரம். வில்லைகள் ஒன்றோடொன்று கோத்தவை. ஒன்றை மறைத்தாலே மற்றதெல்லாம் முடங்கும். ஆடித் தூசி பாதியை மறைத்தது, புற்றுமண் மீதியை மறைத்தது.

இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றியதும் மீட்டர் ஊசி துள்ளி ஏறியது. மாடசாமி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே போய்ப் பெட்டியைத் திறந்தேன், உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

நர்சம்மா முகம் வெளிறிவிட்டது. "பெட்டியில சேப்பு லைட்டு எரியத்தான செஞ்சுது? குளுருதுன்னு நெனச்சேன். புதன்கெழம மூணு பிள்ளைகளுக்கு இதுலருந்துதான் போலியோ சொட்டு குடுத்தேன்."

மின்சாரம் போதவில்லை என்று எச்சரிக்கும் விளக்கு அது. சூட்டில் கெட்டுப்போன மருந்து வெறும் தண்ணீர். மறுபடி போட வேண்டும் என்று சொல்ல வீடு வீடாகப் போனோம். இரண்டு தாய்மார் கிடைத்தார்கள். மூன்றாவது வீடு பூட்டியிருந்தது. கேரளாவில் கட்டட வேலைக்குப் போய்விட்டார்களாம்; எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

"சொட்டு மருந்து போட்டாச்சுல்லா, இனிப் பயமில்லன்னுட்டுத்தான் பிள்ளையத் தூக்கிட்டுப் போனா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஆடியில் கண்ணுக்குக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சூரியத் தகடு இருந்தால் காலையிலேயே, சூடேறும் முன், தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். யாரிடமாவது ஒன்றைச் செய்யாதே என்றால், ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெண் குழந்தை. எட்டு மாதம். நடந்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.