லோர்னா எடுத்துக் கொடுத்த கோப்பு

எங்கள் மாவட்ட கோர்ட் கட்டிடத்தில் லோர்னா ஹேவர்கேம்ப்பின் கவுன்ட்டருக்கு நேர் எதிரே என் கவுன்ட்டர். அவள் வழக்குக் கோப்புகளைப் பார்த்துக்கொள்கிறாள், நான் வண்டி லைசென்ஸ் கொடுக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக மத்தியானச் சாப்பாடு சேர்ந்துதான். அவள் யாரையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை, கவர்னர் நோரீன் ஸ்டிக்னியைத் தவிர.

நோரீன் எங்கள் ஊர்க்காரர். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் இதே கட்டிடத்தில் அரசு வக்கீலாக இருந்தார். இங்கே அதுவும் ஓட்டில் ஜெயித்து வரும் பதவிதான். லோர்னாவின் தம்பி டுவேன், பத்தொன்பது வயதில், குடிபோதையில் பக்கத்துப் பண்ணையின் காலி வைக்கோல் கொட்டகைக்குத் தீ வைத்தான். யாருக்கும் காயமில்லை. நோரீன் பத்து வருஷம் சிறை கேட்டார், நீதிபதி கொடுத்துவிட்டார். டுவேன் மூன்றே வருஷத்தில் வெளியே வந்தான். அதற்குள் அவர்கள் அம்மா இறந்துவிட்டாள். கவர்னர் தேர்தல் வந்த இரண்டு தடவையும் லோர்னா ஓட்டுச்சீட்டில் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு வந்தாள்.

இந்த வருஷம் அதிபர் தேர்தலுக்கு செனட்டர் பெல்லமி நின்றார். கருத்துக்கணிப்பில் ஐந்து புள்ளி பின்னால். துணை அதிபராக யாரைச் சேர்த்துக்கொண்டால் தேறுவார் என்று டிவியில் ஓயாத பேச்சு. மூன்று பெயர் அடிபட்டது. அதில் ஒன்று நோரீன்.

ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை வாஷிங்டனிலிருந்து கெண்ட்ரா ஆஷ்பி என்ற வக்கீல் அம்மா வந்து லோர்னாவின் கவுன்ட்டரில் நின்றார்.

"நோரீன் ஸ்டிக்னி நடத்தின எல்லா வழக்கும் வேணும். எத்தனை பெட்டி இருந்தாலும் பரவாயில்ல."

ஏன், எதற்கு என்று லோர்னா கேட்கவில்லை. பெல்லமி அனுப்பிய ஆள் என்று கட்டிடத்தில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. துணை அதிபராக ஒருவரை எடுப்பதற்கு முன்னால் அவர் வாழ்க்கையைக் கவிழ்த்துப் போட்டுத் தேடுவார்கள்.

கீழ்த்தளத்திலிருந்து பெட்டிகளை நான்தான் தூக்கி வந்து கொடுத்தேன். தம்பியின் கோப்பு இருந்த பெட்டியை அத்தனை வருஷத்தில் லோர்னா தொட்டதே கிடையாது. இப்போது நகல் எடுக்கப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. கடைசிப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

கைதிகளை முன்கூட்டியே விடலாமா என்று முடிவு செய்யும் குழுவுக்கு நோரீன் எழுதிய கடிதம் அது. 'அந்தப் பையனுக்கு நான் கேட்ட தண்டனை அதிகம். அப்போது எனக்குத் தேர்தல் வந்துகொண்டிருந்தது. கண்டிப்பானவள் என்று பெயரெடுக்க நினைத்தேன். தவறு என்னுடையது. அவனை வீட்டுக்கு அனுப்புங்கள்.'

கெண்ட்ராவும் படித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இது வெளிய வந்தா எதிர்க்கட்சிக்காரங்க சும்மா விடமாட்டாங்க. ஓட்டுக்காக ஒரு பையனை உள்ள தள்ளினவங்கன்னு விளம்பரம் போட்டே கொன்னுடுவாங்க. இந்தக் குடும்பத்துல யாராவது இருக்காங்களா மேடம்? இன்னும் கோபமா இருக்காங்களா?"

"இருக்காங்க," என்றாள் லோர்னா. "நான்தான் அவனோட அக்கா."

கெண்ட்ரா கடிதத்தை மெல்லக் கவுன்ட்டர் மேல் வைத்தார்.

"முப்பத்தொரு வருஷமா கோபம்தான். இந்தக் கடிதத்தை இப்பத்தான் பார்க்கிறேன். நாளைக்கு வாங்க, பேசுவோம்."

டுவேன் பக்கத்து ஊரில் வீட்டுக் கூரை போடும் வேலை செய்கிறான். லோர்னா என்னையும் உட்கார வைத்துக்கொண்டு அவனை போன் ஸ்பீக்கரில் கூப்பிட்டாள். கடிதத்தை வாசித்தாள்.

"தெரியும்க்கா. விடுறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டினாங்களே."

"தெரியுமா? ஏன்டா என்கிட்ட சொல்லல?"

போனில் கேட்டுக்கொண்டிருந்த ஆணி அடிக்கும் சத்தம் நின்றது.

"அம்மா போயிருந்த நேரம். உனக்கு யார் மேலயாவது கோபப்பட்டே ஆகணும் போல இருந்துச்சு. அது என் மேல திரும்பிடுமோன்னு பயந்துட்டேன். கொட்டகையைக் கொளுத்தினது நான்தானேக்கா."

லோர்னா அழுதாள். பிறகு, "மடையா," என்றாள். "நல்லாயிருக்கியாடா?" என்றும் கேட்டாள். தினம் பேசுகிறவர்கள்தான். ஆனாலும் கேட்டாள்.

மறுநாள் கெண்ட்ராவிடம் சுருக்கமாகச் சொன்னாள். "ஒளிச்சு வைக்காதீங்க. எங்க சம்மதத்தோடயே நோரீன் தன் வாயால சொல்லட்டும். நிருபருங்க எங்ககிட்ட வந்தா, நடந்ததைச் சொல்வோம். கூட்டியும் சொல்லமாட்டோம், குறைச்சும் சொல்லமாட்டோம்."

இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. நோரீனைக் கழித்துவிட்டார்கள் என்றே நாங்கள் நினைத்தோம். ஜூலைக் கடைசியில் பெல்லமி மேடையேறி, துணை அதிபருக்கு இவர்தான் என்று நோரீனின் கையைப் பிடித்து உயர்த்தினார். அந்த முதல் பேச்சிலேயே நோரீன் டுவேன் கதையைச் சொன்னார். "பதவிக்காக ஒரு தடவை தப்பு செஞ்சேன். அதோட விலை என்னன்னு தெரிஞ்சுதான் இங்க நிக்கிறேன்."

அடுத்த நாள் டிவிக்காரர்கள் டுவேனின் ஏணியடியில் கூடிவிட்டார்கள். அவன் இறங்கவே இல்லை. மேலிருந்தே பதில் சொன்னான்.

"தப்பு பண்ணாங்க. கேட்க யாரும் இல்லாதப்பவே எழுதி ஒத்துக்கிட்டாங்க. நான் ஒத்துக்கிட்டதைவிடச் சீக்கிரமாவே! மழை வருது, வேலை கிடக்கு."

எதிர்க்கட்சி விளம்பரம் வந்தது. எடுபடவில்லை. அக்டோபரில் ஐந்து புள்ளி ஒரு புள்ளியாகிவிட்டது. ஜெயிப்பார்களா என்று எனக்குத் தெரியாது. பேக்கரியில் தேர்தலைப் பற்றிச் சண்டை போடும் இரண்டு தரப்புக்கும் தெரியாது.

முன்கூட்டி ஓட்டுப்போட எங்கள் கட்டிடத்தில் கீழே ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை டுவேன் தார் ஒட்டிய சட்டையோடு வந்து நின்றான். சிறைக்குப் போனதில் பறிபோன ஓட்டுரிமை அவனுக்குத் திரும்பக் கிடைத்து வருஷக்கணக்காகிறது. அவன்தான் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. வயது ஐம்பது. லோர்னா தன் கவுன்ட்டரை என்னிடம் விட்டுவிட்டு அவனோடு போய் வரிசையில் நின்றாள்.

அரைமணி கழித்து இருவரும் படியேறி வந்தார்கள்.

"பெல்லமியோட மூஞ்சியே எனக்குப் பிடிக்காது. நோரீனுக்கு மட்டும் தனியா போட முடியாதாமே," என்றான் டுவேன்.

"அதுக்கு என்ன பண்ணினே?" என்றேன்.

"கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுட்டேன். அக்காவும்தான்."

"டேய், அதை ஏன்டா ஊரெல்லாம் சொல்றே!" என்று லோர்னா அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள். சிரித்துக்கொண்டேதான் வைத்தாள்.