சந்தனம் வைத்த பானெட்டு

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எங்கள் சேக்காட்டு வீட்டு வாசலில் மண்ணெண்ணெயும் விபூதியும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். அத்தை தன் பச்சை நிற மாரிஸ் காரின் பம்பரை விபூதி போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பாள். மாமா விட்டுப்போன ஒரே சொத்து அது. அவர் காலமான பிறகு, யார் சொல்லியும் கேட்காமல் அத்தையே ஓட்டக் கற்றுக்கொண்டாள். "பொம்பள ஓட்ற காரு" என்று தெருவில் சிரித்தார்கள். அத்தையின் தம்பியான என் சித்தப்பாவுக்கு அது மானப் பிரச்சினை. காரை வாங்கிக்கொள்ளக் கரையான்சாவடியில் ஓர் ஆளையும் பார்த்துவைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான், எழுபதுகளின் தொடக்கத்தில், அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் ஆண்டு விழாவில் பழைய கார்களுக்குப் போட்டி வைத்தார்கள். சித்தப்பா அதையே பந்தயமாக்கினார்.

"பரிசு வாங்கினு வந்தா காரு ஊட்லயே நிக்கட்டும்க்கா. இல்லாங்காட்டி வித்துடலாம்."

அத்தை பம்பரை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

கார் பார்ப்பதில் எத்தனை நுணுக்கம் உண்டு என்பது மைதானத்துக்குப் போன பிறகே எங்களுக்குத் தெரிந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அப்படித் துருவ மாட்டார்கள். வெள்ளைக் கால்சட்டை நடுவர் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மதிப்பெண் குறையுமாம். ஆறிக் கிடந்த எஞ்சின் ஒரே "செல்ஃப்"பில் கிளம்பியது. மட்கார்டுக்கு அடியில் கைக்குட்டையை விட்டுத் துடைத்தார், அழுக்கு ஒட்டவில்லை. வைப்பர், ஹாரன், காரோடு வந்த பழைய ஜாக்கி என்று எல்லாமே தேறிக்கொண்டு வர, சித்தப்பாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

கடைசியாகப் பெயிண்ட். பானெட்டில் காலையில் வைத்த சந்தனம் குங்குமத்தைத் துடைக்கச் சொன்னார். துடைத்தால், அடியில் வெளிறிப்போன மூன்று வட்டங்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் அதே இடத்தில் பொட்டு வைத்து வைத்துப் பெயிண்டின் நிறமே மாறியிருந்தது. நாங்கள் அதைக் கறை என்று ஒருநாளும் நினைத்ததில்லை, நடுவர் நினைத்தார். பரிசு பூந்தமல்லியிலிருந்து வந்த ஓர் ஆஸ்டினுக்குப் போனது.

சித்தப்பா சாவிக்குக் கை நீட்டினார். அத்தை முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து, நேராகப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

"பரிசுதான போச்சு. காரு இன்னா பண்ணுச்சு? ஏறிக் குந்துடா."

கூட்டம் மொத்தமும் வேடிக்கை பார்க்க, சித்தப்பா பின்சீட்டில் எங்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த வட்டங்களின் மேலேயே அத்தை மறுபடியும் சந்தனம் வைத்தாள். பிறகு சித்தப்பாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போனதும் அதே கார்தான், ஓட்டியது அத்தை.

போட்டி நடந்த மைதானத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். எங்கள் ஒரே ஒரு கார் நின்ற அந்தத் தெருவில், இன்று சைக்கிள் நிறுத்தவும் இடமில்லாமல் கார்கள் நிற்கின்றன. மாரிஸ் இல்லை. ஆனால் அது எங்கள் வாசலை விட்டுப் போனது, அத்தை போன பிறகுதான்.