ஒன்பது வீட்டு வரிசையில் மூன்றாவது வீடு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பிழை இருந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நெய்வேலி நகரியத்தில் பழைய குவார்ட்டர்ஸ் வரிசை ஒன்றை இந்தப் புரட்டாசியில் இடித்தார்கள். ஒன்பது வீடு. மூன்றாவது வீட்டில் மட்டும் கட்டிய நாளின் மர ஜன்னலும் சிவப்புத் தரையும் அப்படியே இருந்ததால், வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்க அதை விட்டுவைப்பதாக ஏற்பாடு. இடிக்க வேண்டிய மற்ற எட்டு வீட்டுச் சுவரிலும் பெயிண்டில் பெருக்கல் குறி போடுவது என் வேலை. சனிக்கிழமை முடித்தேன்.

ஞாயிறு காலை ஆறரை மணி, குள்ளஞ்சாவடியில் என் வீடு. கையில் ஒட்டிய பெயிண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எந்த வீட்டை விட்டாய் என்று மனைவி கேட்டாள். மூன்றாவது என்றேன்.

"எந்தப் பக்கம் நின்னுகினு எண்ணின?"

தேய்ப்பதை நிறுத்தினேன். கான்ட்ராக்ட் ஆட்கள் நாங்கள் எப்போதும் பின்சந்து வழியாகத்தான் வேலைக்குப் போவோம். பின்னால் நின்று இடமிருந்து எண்ணினால் வரும் மூன்றாவது, வாசலில் நின்று இடமிருந்து எண்ணினால் ஏழாவது. வீட்டுக் கணக்கு வாசல் பக்கமிருந்துதான். எட்டரைக்கு ஜேசிபி வந்துவிடும். மேஸ்திரியின் போன் அணைந்திருந்தது.

ஆறு ஐம்பதுக்கு வடலூர் பஸ். டிக்கெட் பதினைந்து ரூபாய். படியிலேயே நின்றேன்.

"இன்னாய்யா, எறங்கி ஓடப் போறியா? உள்ள வா" என்றார் கண்டக்டர். சீக்கிரம் போகச் சொல்ல நினைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

வடலூரில் பஸ் மாறி, நகரியத்துக்குள் நுழையும் ஆர்ச் கேட்டில் இறங்கும்போது எட்டு இருபது. ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். அகலமான சாலை, இருபுறமும் மரம், எல்லா வீட்டுக்கும் ஒரே முகம். பிளாக் எண்ணைப் பார்க்காவிட்டால் அங்கேயே இருப்பவர்கூட அடுத்தவர் கதவைத் தட்டிவிடுவார்.

எட்டே முக்கால். வாசல் பக்கம் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இருபது பேர், குறி இல்லாத ஏழாவது வீட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்சந்தில் எஞ்சின் சத்தம். ஓடினேன். உண்மையான மூன்றாவது வீட்டின் சமையலறைச் சுவருக்கு நேராக ஜேசிபியின் கை உயர்ந்திருந்தது.  சுவரில் முதுகை ஒட்டி நின்றுவிட்டேன்.

"யோவ், சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று டிரைவர் எஞ்சினை நிறுத்தினார்.

மேஸ்திரி ஓடி வந்தார். "காலங்காத்தாலயே போட்டுக்கினு வந்துட்டியா?"

"இல்லீங்க. பின்னால நின்னு எண்ணிட்டேங்க. விட வேண்டிய வூடு இதாங்க."

அவர் ஜன்னல் வழியாகத் தரையைப் பார்த்தார். சிவப்பு. பிறகு சுவரில் நான் போட்ட குறியைப் பார்த்தார்.

"பிரஷ்ஷ எடு. அவங்க முன்னாலயே போய் அந்த வூட்டுக்கும் குறி போடு. நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

ஏழாவது வீட்டு வாசலில் போய் நின்றேன். இருபது பேரும் என்னையே பார்த்தார்கள். தப்பு என்னுடையது என்று சொன்னேன். 

கூட்டத்தை அழைத்து வந்த ஒரு அம்மா, "அப்ப இவ்ளோ நேரம் நாங்க பார்த்தது?" என்று கேட்டார்.

"இதுவும் ஒரு குடும்பம் இருந்த வூடுதாங்க" என்றேன். சொல்லிவிட்டுக் குறியைப் போட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் வடலூர் வரை நின்றுகொண்டே வந்தேன்.

மூன்றாவது வீட்டை நீங்கள் போய்ப் பார்க்கலாம். எந்தப் பக்கமிருந்தும் எண்ண வேண்டியதில்லை. அது ஒன்றுதான் நிற்கிறது.

இதை எழுதியது கார்த்திகை பத்தாம் தேதி.