பட்டியலில் இறந்தவர்

இருபத்திரண்டு வருஷமாக ஆறாம் வகுப்புக்கு அவர்தான் குடிமையியல் நடத்தினார். அரசு என்றால் என்ன, குடிமக்கள் என்றால் யார், ஓட்டு எதற்கு. பிள்ளைகள் வைத்த பெயர் உரிமை டீச்சர். சாக்பீஸ் திருடியவள் கையும் களவுமாகப் பிடிபட்டாலும், அவள் தரப்பைக் கேட்காமல் திட்டமாட்டார்.

கணவர் மாரடைப்பில் போய் ஐந்து மாதம். மூன்றாவது வாரமே டீச்சர் வகுப்புக்கு வந்துவிட்டார். அழவில்லை. “மனசைத் தேத்திக்கிட்டாங்க” என்று மற்ற ஆசிரியைகள் பேசிக்கொண்டார்கள். தேற்ற அங்கே ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. சமைத்தார், சாப்பிட்டார், விடைத்தாள் திருத்தினார். வாக்காளர் பட்டியலிலிருந்து கணவர் பெயரை நீக்கும் படிவத்தையும் தாமே நிரப்பிக் கொடுத்தார்.

தேர்தலன்று அவருடைய வகுப்பறையே வாக்குச்சாவடி. பிள்ளைகள் வரைந்த ‘நமது உரிமைகள்’ படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த அதிகாரி பட்டியலில் விரலை ஓட்டினார். ஓடிய விரல் நின்றது.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு இருக்கு. உங்க பேரைத்தான் அடிச்சிருக்காங்க. இறந்துட்டதா போட்டிருக்கு.”

“சரி” என்றார் டீச்சர்.

“நீங்க வேணா ஒரு புகார்...”

“பரவால்லீங்க. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க.”

வீட்டுக்கு வந்து துணி துவைத்தார். கோபம் வர வேண்டிய இடம் என்று தெரிந்தது. வரவில்லை.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும், “டீச்சர், மை காட்டுங்க!” என்று கத்தினார்கள். விரலில் மை இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்து, பக்கத்திலிருந்தவளிடம் அடி வாங்கினாள்.

எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் ‘வக்கீல்’ என்று பெயரெடுத்த பெண் எழுந்தாள். “மனு கொடுக்கலாம்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? நீங்க ஏன் கொடுக்கல?”

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். சாக்பீஸை எடுத்தார். “சொல்லுங்க, எழுதறேன்.”

“முதல்ல நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எழுதுங்க டீச்சர்.”

“அதை யாராவது நம்பணுமே! நாங்க நாப்பத்தோரு பேரும் பார்த்தோம்னு சேருங்க.”

அப்படியே எழுதி, பிறகு ஒரு தாளில் படியெடுத்தார். நாற்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சனிக்கிழமை அதைத் தேர்தல் அலுவலகத்தில் நீட்டியபோது குமாஸ்தா படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “மேடம், சின்னப் பசங்க கையெழுத்து செல்லாது. இருந்தாலும் கோப்புல வச்சுடறேன். இந்தாங்க, உங்க பேரைச் சேர்க்க ஒரு படிவம். சாரோட பேரை எடுக்க ஒண்ணு.”

“அதை ஏற்கெனவே கொடுத்துட்டேனே.”

“அதுலதான் உங்க பேரு போயிடுச்சு. மறுபடியும் கொடுக்கணும்.”

நீக்கக் காரணம் என்ற கட்டத்தில் ‘இறப்பு’ என்று இரண்டாம் முறை எழுதினார். ‘ப்’ மேல் புள்ளி வைக்கும்போது கை கொஞ்சம் நின்றது. வைத்தார்.

ஆறு வாரத்தில் புது அட்டை வந்தது. வகுப்பில் காட்டினார். மேஜையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். வக்கீல் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்து, “ஃபோட்டோல நீங்க சிரிக்கவே இல்ல டீச்சர்” என்றாள்.

“அப்படியா?” என்று வாங்கிப் பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளாட்சிப் பாடத்தைத் திறக்கச் சொன்னார்.